உபாத்தியாயரும் யந்திரமும்

2005-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் துனிசியாவின் தலைநகரில் கூடிய உலகத் தகவல் சமுதாய மகாநாட்டில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த நிக்கலஸ் நீக்ரோபான்டி என்ற பேராசிரியர், அப்பொழுது ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச் செயலாளராக இருந்த கோஃபி அன்னானை அருகில் வைத்துக்கொண்டு, பச்சை நிறமுள்ள சிறிய மடிக்கணினி ஒன்றை உலகத்துக்குக் காட்டினார். அதன் பக்கவாட்டில் மஞ்சள் நிறக் கைப்பிடி ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. மின்சாரம் எட்டாத கிராமத்தில், குழந்தையே அதைச் சுழற்றிக் கணினிக்கு வேண்டிய சக்தியை உண்டாக்கிக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. விலை நூறு டாலர் என்றும், ஏழை நாடுகளின் சர்க்கார்கள் லட்சக்கணக்கில் வாங்கிக் குழந்தைக்கு ஒன்றாகக் கொடுத்துவிட்டால் கல்வியின் வரலாறே புதிதாகத் தொடங்கும் என்றும் சொல்லப்பட்டது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் உற்பத்தியாகி வந்த கணினியில் அந்தக் கைப்பிடி இல்லை. விலையும் 188 டாலராகியிருந்தது.

இதைச் சொல்வதால் அந்த யந்திரத்தைப் பரிகசிப்பதாக யாரும் எண்ணவேண்டாம். வெயிலில் மரத்தடியில் உட்கார்ந்தாலும் எழுத்துத் தெரியும் திரை, புழுதியும் ஈரமும் உள்ளே புகாத ரப்பர் விசைப்பலகை, மிகச் சொற்பமான மின்சாரத்தில் ஓடும் அமைப்பு, முயலின் காதுகளைப் போல் நிமிர்ந்து நின்று பக்கத்துக் கணினியோடு தானே தொடர்புகொள்ளும் இரண்டு ஆன்டெனாக்கள் என்று, ஏழைக் குழந்தையின் சூழ்நிலையை மனத்தில் வைத்துப் பொறியியல் நிபுணர்கள் இவ்வளவு சிரத்தையோடு ஒரு பொருளைச் செய்தது அபூர்வம். அதன் பின்னால் இருந்த தத்துவமும் அற்பமானதன்று. ஜெனீவாவில் குழந்தை உளவியல் மேதை பியாஜேயிடம் பணிபுரிந்துவிட்டு அமெரிக்காவுக்குச் சென்ற சீமோர் பேப்பர்ட் என்ற கணித அறிஞர், கணினி குழந்தைக்குப் பாடம் ஒப்பிக்கும் பொருளாக இருக்கக்கூடாது, குழந்தையே கணினிக்குக் கட்டளையிட்டு, தவறி, திருத்தி, அதன் மூலம் சிந்திக்கக் கற்கவேண்டும் என்று முப்பது நாற்பது ஆண்டுகளாக வாதாடி வந்தார். அந்த வாதம் இன்றும் ஒளி மங்காதது. ஆனால், ஒரு பல்கலைக்கழகச் சோதனைச்சாலையில், ஆர்வமும் அவகாசமும் உள்ள பெரியவர்கள் சூழ்ந்திருக்க, சில குழந்தைகளிடம் கண்ட பயனை, பெரியவர்கள் என்ற அந்த அம்சத்தை மட்டும் கழித்துவிட்டு உலகம் முழுவதற்கும் ஏற்றுமதி செய்யலாம் என்று நினைத்ததில்தான் கோளாறு தொடங்கியது.

இந்தியா அந்தக் கணினியை 2006-இல் வேண்டாமென்றது. குழந்தைக்கு ஒரு கணினி என்ற முறையின் கல்விப் பயன் சந்தேகத்துக்குரியது என்றும், அந்தப் பணம் வகுப்பறைக்கும் உபாத்தியாயருக்கும் முதலில் தேவை என்றும் மத்தியக் கல்வித் துறை அபிப்பிராயம் சொல்லிற்று. புதுமைக்கு அஞ்சும் குமாஸ்தாப் புத்தி என்று அப்பொழுது ஏளனம் செய்தவர்கள் உண்டு. பெரு தேசம் ஏற்றுக்கொண்டது. ஆகவே பெரு தேசத்துக்குப் போய்த்தான் இந்த விஷயத்தைப் பார்க்கவேண்டும்.

பசிபிக் கடற்கரையோரமாக லீமா முதலிய நகரங்களும், நடுவே ஆண்டீஸ் மலைத்தொடரில் கெச்சுவா, ஐமாரா மொழிகள் வழங்கும் கிராமங்களும், கிழக்கே அமேசான் வனாந்தரமும் கொண்ட அந்தத் தேசத்தில், மலைக் கிராமத்துப் பள்ளி என்றால், ஒரே உபாத்தியாயர், ஒரே அறையில், பல வகுப்புப் பிள்ளைகளையும் சேர்த்துவைத்துக் கற்பிக்கும் பள்ளி என்றே பெரும்பாலும் பொருள். பிள்ளைகளின் வாசிப்புத் திறன் மிகவும் தாழ்ந்திருந்தது. உபாத்தியாயர்களையே பரீட்சித்துப் பார்த்தபொழுது அவர்களில் பலருடைய தேர்ச்சியும் திருப்திகரமாக இல்லை. நல்ல உபாத்தியாயர்களை உண்டாக்க ஒரு தலைமுறைக் காலம் பிடிக்கும், அதுவரை குழந்தைகள் காத்திருக்க முடியாது, ஆதலால் உபாத்தியாயரைக் காத்திராமல் அறிவைக் குழந்தையின் கையிலேயே கொடுத்துவிடுவோம் என்ற வாதம் அங்கே எளிதில் செல்லுபடியாயிற்று. கேட்பதற்கு இரக்கமும் தர்க்கமும் ஒருங்கே கூடிய வாதம்தான். 2008 முதல், அதிபர் அலன் கார்சியாவின் ஆட்சியில், மிக வறிய, மிகத் தொலைவான பள்ளிகளை முன்னிறுத்தித் தொடங்கிய அந்த விநியோகம், நாலைந்து ஆண்டுகளில் எட்டரை லட்சம் கணினிகளைத் தாண்டியது. செலவு ஏறக்குறைய 20 கோடி டாலர். உலகத்தில் வேறெந்த நாடும் அந்தக் கணினியை அவ்வளவு பெருந்தொகையாக வாங்கவில்லை.

பலன் என்ன என்பதை அமெரிக்க நாடுகளிடை வளர்ச்சி வங்கியைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 319 கிராமப் பள்ளிகளில் அளந்து 2012-இல் வெளியிட்டார்கள். கணினி பெற்ற பள்ளிகளையும் பெறாத பள்ளிகளையும் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்ட அந்தச் சோதனையில், கணிதத்திலும் மொழியிலும் இரண்டு வகைப் பிள்ளைகளுக்கும் யாதொரு வித்தியாசமும் காணப்படவில்லை. பள்ளிக்கு வரும் பழக்கம் கூடவில்லை. வீட்டில் படிக்கும் நேரமும் கூடவில்லை. கணினி ஒவ்வொன்றிலும் இருநூறு கதைப் புத்தகங்கள் ஏற்றிக் கொடுக்கப்பட்டிருந்தும், வாசிக்கும் வழக்கம் மாறவில்லை என்பது எனக்கு மிகவும் யோசிக்கத் தக்கதாகப் படுகிறது. புத்தகமே காணாத வீட்டில் இருநூறு புத்தகம் வந்து சேர்ந்தது. அதில் ஒன்றை எடுத்து, இதைப் படி, நாளைக்கு இதைப் பற்றிப் பேசுவோம் என்று சொல்ல ஆள் வரவில்லை. குழந்தைகளின் பொதுவான அறிவுக்கூர்மையை அளக்கும் சில சோதனைகளில் மட்டும் கொஞ்சம் முன்னேற்றம் தென்பட்டதையும் நியாயத்தை முன்னிட்டுச் சொல்லவேண்டும். அதுவும் நிலைத்ததாகத் தெரியவில்லை. ஐந்நூறுக்கு மேற்பட்ட பள்ளிகளின் பிள்ளைகளைப் பத்தாண்டுகளுக்குப் பின்னும் தொடர்ந்து சென்று பார்த்த மற்றோர் ஆராய்ச்சி, கணினியைக் கையாளும் திறமை அவர்களுக்குக் கூடியிருக்கிறது, படிப்பில் மேன்மை ஒன்றும் விளையவில்லை என்றே சொல்லி முடிக்கிறது.

ஏன் இப்படி நேர்ந்தது? அந்தப் பள்ளிகளில் பெரும்பாலானவற்றுக்கு இணைய வசதி இல்லை என்பது ஒரு காரணம். இரவும் பகலும் குழந்தையோடு இருக்கவேண்டிய கணினி, உடைந்தால் யார் ஈடு கொடுப்பது என்று பெற்றோரும், காணாமற்போனால் யார் பதில் சொல்வது என்று தலைமையாசிரியரும் அஞ்சியதால், பல பள்ளிகளில் வீட்டுக்கே போகவில்லை என்பது இன்னொன்று. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் மேலாக, உபாத்தியாயருக்கு அளிக்கப்பட்ட பயிற்சியைக் கவனிக்கவேண்டும். நாற்பது மணி நேரம்! ஆயுள் முழுவதும் கரும்பலகையும் சுண்ணக்கட்டியுமாக வாழ்ந்தவரிடம், நாற்பது மணி நேரத்தில் கணினியின் பொத்தான்களைக் காட்டிவிட்டு, நாளை முதல் நான்காம் வகுப்புப் பின்னக் கணக்கை இதைக்கொண்டு எவ்வாறு நடத்துவது என்ற கேள்விக்கு விடை சொல்லாமல் அனுப்பிவிட்டார்கள். அவர் என்ன செய்வார்? சில வாரங்கள் கணினியைத் திறக்கச் சொன்னார். கரும்பலகையில் எழுதியதை அதில் பார்த்தெழுதச் சொன்னார். பிள்ளைகள் படம் பிடித்தார்கள், பாட்டுக் கேட்டார்கள், விளையாடினார்கள். பிறகு நோட்டுப் புத்தகத்துக்கே திரும்பினார்கள். அவர் மீது குற்றமில்லை. இத்திட்டத்தின் மூலத் தத்துவத்திலேயே அவருக்கு இடம் வைக்கப்படவில்லை.

உபாத்தியாயரைத் தாண்டிச் செல்ல முயலும் இந்த ஆசை கணினியோடு பிறந்ததன்று. சலனப்படம் வந்த புதிதில், 1913-இலேயே, இனிப் பள்ளிகளில் புத்தகத்துக்கு வேலை இராது என்று தாமஸ் எடிசன் ஜோசியம் சொன்னார். 1964-இல் பசிபிக் கடலில் அமெரிக்க சமோவா தீவுகளில், பாடம் முழுவதையும் தொலைக்காட்சியே நடத்தும், வகுப்பிலுள்ள உள்ளூர் உபாத்தியாயர் அதற்குப் பக்கத்துணையாக நிற்பார் என்று ஒரு பெரிய ஏற்பாடு செய்தார்கள். பத்தாண்டுகளுக்குள் உபாத்தியாயர்களும் மேல்வகுப்பு மாணவர்களும் சலித்துப்போய் அது சுருங்கிவிட்டது. யந்திரத்தின் பெயர் மாறுகிறதே ஒழிய வாதம் மாறுவதில்லை.

எதிர்த்தரப்பில் ஒரு பலமான சாட்சி உண்டு. அதை மறைத்துவிட்டு வழக்கை முடிப்பது முறையன்று. 1999-இல் புதுதில்லியின் கல்காஜி பகுதியில், தம் அலுவலகச் சுவரில் துவாரமிட்டு, அதில் ஒரு கணினியைப் பதித்து, அடுத்திருந்த குடிசைப் பகுதிப் பிள்ளைகள் விருப்பம்போல் பயன்படுத்தும்படி விட்டார் சுகதா மித்ரா என்ற கல்வி ஆராய்ச்சியாளர். யாரும் சொல்லித்தராமலே பிள்ளைகள் அதை இயக்கக் கற்றுக்கொண்டதைக் கண்டு உலகம் வியந்தது. 2013-இல் பத்து லட்சம் டாலர் பரிசும் அவருக்குக் கிடைத்தது. அவருடைய சோதனைகளில் தமிழருக்கு விசேஷ சம்பந்தமுள்ளது ஒன்று, புதுச்சேரியை அடுத்த ஒரு சிற்றூரில், தமிழ் மட்டுமே பேசும் பத்து முதல் பதினாலு வயதுப் பிள்ளைகளிடம், ஆங்கிலத்தில் அமைந்த உயிர்த் தொழில்நுட்பப் பாடங்களைக் கணினியில் ஏற்றிக் கொடுத்துவிட்டு விலகிக்கொண்டது. சில மாதங்களில், ஒன்றுமே தெரியாத நிலையிலிருந்து, நூற்றுக்கு முப்பது என்ற அளவுக்கு அப்பிள்ளைகள் வந்துவிட்டார்கள். இதுவரை சொல்லிக் கைதட்டுவோர் பலர். அடுத்த பகுதியைச் சொல்வோர் சிலர். அவ்வூரில் பிள்ளைகளுக்குப் பழக்கமான ஓர் இளம்பெண்ணை, பாடத்தில் அவளுக்கு எந்த ஞானமும் இல்லாதபோதிலும், அவர்கள் பின்னால் நின்று, ஆஹா, இதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள், இன்னொரு தடவை எனக்குச் சொல்லுங்கள் பார்ப்போம் என்று கேட்டுக்கொண்டிருக்கச் சொன்னார் மித்ரா. முப்பது ஏறக்குறைய ஐம்பதாயிற்று. அது தில்லியின் ஒரு வசதியான தனியார் பள்ளி மாணவர் பெற்ற அளவு. மனிதத் துணை தேவையில்லை என்பதற்கு உதாரணமாகக் காட்டப்படும் சோதனை, என் பார்வையில், பாடமே அறியாத ஒருத்தியின் அன்பான கவனம்கூட யந்திரத்தின் பயனை அவ்வளவு தூரம் உயர்த்தும் என்பதற்கே உதாரணமாகிறது.

இனி, பலித்த முயற்சிகளைப் பார்ப்போம். அவற்றில் நான் மிகவும் மதிப்பது, யந்திரங்களில் எல்லாம் ஏழையான ரேடியோவைக்கொண்டு நிகராகுவாவில் நடந்தது. 1974 முதல் 1979 வரையில், ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒரு குழுவினர் அங்கே ஆரம்ப வகுப்புகளுக்குக் கணிதப் பாடம் ஒலிபரப்பினார்கள். அந்த ஒலிபரப்பின் விசேஷம் அதன் மௌனங்களில் இருந்தது. ரேடியோவிலுள்ள குரல் ஒரு கணக்கைக் கேட்கும். உடனே விடை சொல்லாமல், பிள்ளைகள் வாய்விட்டு விடை சொல்லவோ, எழுதவோ, எழுந்து நின்று விரல் மடக்கவோ போதுமான சில விநாடிகள் நிறுத்தும். பிறகு சரியான விடையைச் சொல்லும். அரை மணி நேரத்துக்குட்பட்ட அந்த ஒலிபரப்பு முடிந்ததும், அன்றைய பாடத்தைத் தொடர்ந்து நடத்துவதற்கான குறிப்பு உபாத்தியாயர் கையில் இருக்கும். அந்த நிறுத்தங்கள் எத்தனை விநாடி இருக்கவேண்டும் என்பதைக்கூட நிகழ்ச்சி தயாரித்தவர்கள் வகுப்பறையில் உட்கார்ந்து, எந்தக் கேள்விக்குப் பிள்ளைகள் திணறுகிறார்கள் என்று பார்த்துத் திருத்திக்கொண்டே வந்தார்கள். கேட்ட பிள்ளைகள் கேளாதவர்களைவிடக் கணிதத்தில் தெளிவாக முந்தினார்கள். கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பயன் அதிகமாகவே இருந்தது. 1979-இல் அந்நாட்டில் புரட்சி வந்து திட்டம் நின்றுபோனாலும், அந்த முறை கென்யாவுக்கும் ஹோண்டுராஸுக்கும் ஜாம்பியாவுக்கும் பரவிற்று. ஒரு டிரான்சிஸ்டரையும் சில பாட்டரிகளையும் திறந்துவைத்துப் புகைப்படம் எடுத்துக்கொள்ள எந்த மந்திரியும் ஆசைப்படமாட்டார் என்பதே அதற்கிருந்த ஒரே குறை.

ஒரே யந்திரம், வைக்கும் இடத்தால் நன்மையும் தீமையும் செய்யும் என்பதற்குக் குஜராத்தில் சான்று கிடைத்தது. கணிதப் பயிற்சிக்கான ஒரே மென்பொருளை, சில பள்ளிகளில் பாட வேளைக்குள்ளும், சில பள்ளிகளில் பாட வேளைக்குப் புறம்பாகவும் வைத்துப் பார்த்தார் லீ லிண்டன் என்ற பொருளியல் ஆராய்ச்சியாளர். பாட வேளையை எடுத்துக்கொண்ட இடத்தில் பிள்ளைகள் பின்தங்கினார்கள். பாட வேளைக்கு மேலதிகமாக வந்த இடத்தில், குறிப்பாக, படிப்பில் நலிந்த பிள்ளைகள் முன்னேறினார்கள். நல்ல உபாத்தியாயரிடமிருந்து அரை மணி நேரத்தைப் பறித்துக் கணினியிடம் கொடுத்தால், கணினி எவ்வளவு சிறந்ததாயினும் நஷ்டமே என்பதல்லாமல் இதற்கு வேறு பொருள் இல்லை.

தில்லியில் நடந்தது இதைவிடப் பெரிய பலன். ஆமதாபாத்தில் உருவான மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளைக்கொண்டு, நடுநிலைப் பள்ளி மாணவர்களுக்கு மாலை வேளைகளில் பயிற்சி அளித்துக் கார்த்திக் முரளிதரன் முதலியோர் நடத்திய ஆராய்ச்சியில், ஆறாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை கணிதத்தில் சராசரியாக இரண்டரை வகுப்புப் பின்தங்கியிருப்பதும், ஒரே வகுப்பறைக்குள்ளேயே ஐந்தாறு வகுப்புகளின் ஏற்றத்தாழ்வு மறைந்து கிடப்பதும் தெரிய வந்தன. நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு, கால அட்டவணைப்படி பாடப் புத்தகத்தை முடிக்கவேண்டிய உபாத்தியாயர் இந்த நாற்பது நிலைகளையும் எங்கே போய்க் கண்டுபிடிப்பார்! கணினி கண்டுபிடித்தது, மூன்றாம் வகுப்புக் கழித்தலில் தடுமாறும் ஏழாம் வகுப்புப் பையனுக்கு, யார் முன்பும் வெட்கப்பட நேராமல், அந்தக் கழித்தலையே கொடுத்தது. நாலரை மாதத்தில் கணிதத்திலும் இந்தியிலும் கணிசமான முன்னேற்றம் உண்டாயிற்று. ஆனால் அங்கும் பயிற்சி நேரத்தில் பாதிதான் கணினிக்கு. மறு பாதியில் பன்னிரண்டு பதினைந்து பேர் கொண்ட சிறு குழுவை ஓர் உதவி ஆசிரியர் உட்கார்த்திவைத்துப் பாடம் சொன்னார். தலைப்புச் செய்திகளில் இந்த மறு பாதி உதிர்ந்துவிடுகிறது.

இவற்றுக்கெல்லாம் சிகரமாக நான் கருதுவது கென்யாவின் அநுபவம். அங்கே கிசுமு வட்டாரத்தில் ஆரம்ப வகுப்புகளில் வாசிப்பை வளர்க்க ஒரு திட்டம் நடந்தது: உபாத்தியாயருக்கு நாள்வாரியான பாடக் குறிப்பு, பிள்ளைக்கு ஒரு புத்தகம், அவ்வப்போது வந்து பார்த்து யோசனை சொல்லும் ஒரு பயிற்சியாளர். இதனோடு, ஓரிடத்தில் பிள்ளைகளுக்கு மின்வாசிப்புக் கருவி, ஓரிடத்தில் உபாத்தியாயருக்குக் கைக்கணினி, மற்றோரிடத்தில் பயிற்சியாளருக்கு மட்டும் கைக்கணினி என்று மூன்று விதமாகச் சேர்த்துப் பார்த்தார்கள். மூன்றிலும் பிள்ளைகளின் வாசிப்பு வளர்ந்தது. ஆனால் கருவியே இல்லாத திட்டம் தந்த வளர்ச்சிக்கு மேல் எந்தக் கருவியும் குறிப்பிடத்தக்க அளவில் எதையும் கூட்டவில்லை. செலவு மட்டும் பிள்ளைகளிடம் கொடுத்தபொழுது மிக அதிகம், பயிற்சியாளரிடம் கொடுத்தபொழுது மிகக் குறைவு.

இதிலிருந்து அவர்கள் எடுத்த முடிவு விவேகமானது. 2015 முதல் நாடு முழுவதும், இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட சர்க்கார் ஆரம்பப் பள்ளிகளில், படிப்போம் என்று பொருள்படும் துசோமே என்ற பெயரில் அத்திட்டம் விரிவாக்கப்பட்டபொழுது, பிள்ளைக்குக் காகிதப் புத்தகமே கொடுத்தார்கள். உபாத்தியாயருக்கும் அச்சிட்ட குறிப்பே. கைக்கணினி, பள்ளி பள்ளியாகச் சுற்றும் பயிற்சியாளருக்கு மட்டும். அவர் வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்து பாடத்தைக் கவனிப்பார். முடிந்தபின் இரண்டு மூன்று பிள்ளைகளைக் கூப்பிட்டு ஒரு பத்தியைப் படிக்கச் சொல்லி, ஒரு நிமிஷத்தில் எத்தனை சொல் படிக்கிறார்கள் என்று கருவியில் குறிப்பார். பிறகு உபாத்தியாயரோடு உட்கார்ந்து பேசுவார். எந்தப் பள்ளிக்கு எப்பொழுது போனார் என்பதும் அந்தக் கருவியிலேயே பதிவாகும். அந்தப் பதிவைப் பார்த்தே அவருடைய பிரயாணப்படி வழங்கப்படும். இதில் மயங்குவதற்கோ பிரமிப்பதற்கோ ஒன்றுமில்லை. மேற்பார்வை அதிகாரி கிராமத்துப் பள்ளிக்கு மெய்யாகவே வந்து சேர்ந்தார் என்பதே இதன் சாதனை. அதே கென்யாவில், அதே காலத்தில், 2013 தேர்தல் வாக்குறுதியை நிறைவேற்றும் பொருட்டு, 2016 முதல் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட கருவிகள் முதல் வகுப்புப் பிள்ளைகளின் பெயரில் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டன என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்தத் திட்டம் மேடைக்கு உகந்தது, எந்தத் திட்டம் வகுப்புக்கு உகந்தது என்பது விளங்கும். துசோமேக்கும் ஒரு பலவீனம் உண்டு. அதன் பணத்தில் பெரும் பகுதி அமெரிக்க சர்க்காரின் உதவி ஸ்தாபனத்திலிருந்து வந்தது. அந்த ஸ்தாபனமே 2025-இல் கலைக்கப்பட்டுவிட்டது. அந்நியப் பணத்தில் நடக்கும் நல்ல காரியத்தை உள்நாட்டு வரவு செலவுத் திட்டத்துக்குள் எப்பொழுது கொண்டுவருவது என்பது, கருவியைத் தேர்ந்தெடுப்பதைவிடக் கடினமான பிரச்னை.

உருகுவே தேசத்தைச் சொல்லாமல் விட்டால் என் வாதம் ஒருதலைப்பட்சமாகும். பெரு வாங்கிய அதே பச்சைக் கணினியை, 2007 தொடங்கி 2009-க்குள், சர்க்கார் ஆரம்பப் பள்ளியில் படிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும், ஒவ்வோர் ஆசிரியருக்கும் கொடுத்து முடித்த முதல் நாடு அது. சிறிய நாடு, மின்சாரம் ஏறக்குறைய எங்கும் உண்டு, பழுதுபார்க்க வண்டிகள் பள்ளிகளைத் தேடி வந்தன. அங்குகூட ஆரம்ப ஆண்டுகளில் கணிதமும் வாசிப்பும் உயரவில்லை என்றே ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள். ஆயினும் அங்கே திட்டத்தைக் கைவிடவில்லை. அதன் உபயோகத்தை மாற்றினார்கள். ஆங்கில ஆசிரியர் கிடைக்காத பள்ளிகளில், தொலைவிலுள்ள ஓர் ஆங்கில ஆசிரியர் வாரத்தில் ஒரு நாள் திரை வழியே வந்து பாடம் நடத்துவதும், மற்ற நாட்களில் அதே வகுப்பின் சொந்த உபாத்தியாயர், தாமும் கூடவே ஆங்கிலம் கற்றுக்கொண்டு, பயிற்சியைத் தொடர்வதும் 2012-இலிருந்து அங்கே நடைபெறுகின்றன. பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் உரியதாக இருந்த ஒரு பொருள் ஏழை வீட்டுக்கும் வந்தது என்ற சமத்துவமும் ஒரு பயனே. அதைப் பரீட்சை மதிப்பெண்ணால் அளப்பது சரியன்று என்று அந்நாட்டார் சொல்வதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் சமத்துவத்துக்காகக் கொடுத்தோம் என்றால் அப்படியே சொல்லவேண்டும். கல்விக்காகக் கொடுத்தோம் என்று கணக்கெழுதக்கூடாது.

2020-இல் தொற்றுநோயால் பள்ளிகள் மூடப்பட்டபொழுது, உலகத்தில் பள்ளிப் பருவத்துப் பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு, அதாவது 130 கோடிப் பேருக்கு, வீட்டில் இணைய வசதி இல்லை என்று யுனிசெஃப் கணக்கிட்டது. அந்த நாட்களில் ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானாவில், இணையத்தை நம்பாமல், சாதாரணத் தொலைபேசியில் வாரம் ஒரு தடவை ஓர் ஆசிரியர் கூப்பிட்டு இருபது நிமிஷம் குழந்தையோடு கணக்குப் போட்டார். குறுஞ்செய்தி மட்டும் அனுப்பிய இடத்தைவிட, குரல் கேட்ட இடத்தில் பலன் நன்றாக இருந்தது. தமிழ்நாட்டிலும், பள்ளி திறந்தபின், இல்லம் தேடிக் கல்வி என்ற பெயரில் தன்னார்வலர்கள் தெருத் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் மாலைதோறும் பிள்ளைகளைக் கூட்டிவைத்துக் கற்பித்ததும், இழந்த கல்வியில் மூன்றில் இரண்டு பங்கு ஆறு மாதத்தில் மீண்டதும், அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்குக்கு இந்த மாலை வகுப்புகளே காரணம் என்று ஆராய்ச்சியில் தெரிந்ததும் நாம் பெருமையோடு நினைக்கத் தக்கவை.

அப்பெருமைக்குரிய நம் நாட்டிலும் இப்பொழுது திறன் பலகைகளும் உயர்தொழில்நுட்பக் கூடங்களும் பள்ளிதோறும் வருகின்றன. அவற்றை நான் எதிர்க்கவில்லை. உபாத்தியாயர் கையில் கருவி சேரவேண்டும் என்பதே இவ்வளவு நேரம் நான் சொல்லி வந்தது. ஆனால் அதிலும் ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது என்பதை நம் உபாத்தியாயர்களே நன்றாக அறிவார்கள். வருகைப் பதிவை ஏற்று, சீருடைக் கணக்கை ஏற்று, காலணி அளவை ஏற்று, உயரமும் எடையும் ஏற்று, வினாடி வினா முடிவை ஏற்று என்று எமிஸ் என்ற கல்வித் துறை இணையதளத்துக்குத் தகவல் ஊட்டும் வேலை தங்கள் பாட வேளையைத் தின்கிறதென்று அவர்கள் பல ஆண்டுகளாக முறையிட்டு, போராட்டமும் நடத்தி, கொஞ்சம் நிவாரணமும் பெற்றிருக்கிறார்கள். கற்பிக்க உதவவேண்டிய கருவி, மேலிடத்துக்குக் கணக்கு அனுப்பும் கருவியாக மாறிவிடும்பொழுது, பெருவில் உபாத்தியாயரை விட்டுவிட்டுப் போன யந்திரத்துக்குப் பதிலாக, உபாத்தியாயரையே குமாஸ்தாவாக்கும் யந்திரம் நமக்குக் கிடைக்கிறது.

ஆகையால், அடுத்த தடவை கருவி வாங்க ஒப்பந்தப்புள்ளி கோரும்பொழுது, அதில் சில விஷயங்களையும் சேர்த்து எழுதும்படி கல்வித் துறையைக் கேட்டுக்கொள்ளலாம். ஐந்து ஆண்டுகளுக்குப் பழுதுபார்க்கும் செலவு கருவியின் விலையோடு சேர்த்துச் சொல்லப்படவேண்டும். பழுதான கருவி எத்தனை நாளில் சரியாகித் திரும்பும் என்பதும் எழுதப்படவேண்டும். மூன்றாம் வகுப்பு உபாத்தியாயர் ஒருவர் எந்தப் பாடத்தில், எந்த வாரத்தில், எத்தனை நிமிஷம் அதைப் பயன்படுத்துவார் என்பதை, அந்த வகுப்பை நடத்தும் உபாத்தியாயர்களே எழுதிச் சோதித்த பாடக் குறிப்போடு காட்டவேண்டும். அக்கருவியில் வரும் புதுப் படிவம் ஒவ்வொன்றுக்கும் பழைய பதிவேடு ஒன்றாவது ஒழிக்கப்படவேண்டும். வாங்குவதற்கு ஒதுக்கிய தொகையில் ஒரு பகுதியை எடுத்து, வட்டார வளமையத்து ஆசிரியர் பயிற்றுநர்கள் அலுவலகக் கூட்டங்களிலிருந்து விடுபட்டு, மாதம் ஒரு தடவையாவது ஒவ்வொரு கிராமப் பள்ளிக்கும் போய் வகுப்பில் உட்காருவதற்கான பிரயாணச் செலவுக்கு வைக்கவேண்டும். அதைக் கருவிக்கான செலவாகவே கணக்கில் காட்டினாலும் தணிக்கையாளர் ஆட்சேபிக்க நியாயமில்லை.